கோட்டை முற்றத்தில் விரித்த பாவு

போன ஐப்பசியில் நான் ஒரு கோட்டையில் குடியிருந்தேன். காஞ்சிபுரத்தில் கார் வைத்திருக்கிற பட்டுக்காரர்கள் பலர் உண்டு. கோட்டையில் படுத்து எழுந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, செவிலிமேட்டிலிருந்து இருட்டில் நடந்து வந்து கூலிக்கு நூல் சுற்றியவன் நான். இன்றைக்கு என் பேரில் நாற்பது தறி ஓடுகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம், அதனால் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்குகிறது, விட்டுவிடுவோம். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் வால்டர் என்பவர் இரண்டு வருஷமாக என்னிடம் பட்டு எடுக்கிறார். தன் ஊர்க் கோட்டையில் கண்காட்சி வைக்கிறேன், ஜனங்கள் பார்க்கப் பார்க்க ஒரு சேலை நெய்து காட்ட வேண்டும் என்று கேட்டார். எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் ஒருத்தர், "படிச்சவங்க யாராச்சும் போகட்டும்பா. இவரு அங்க போயி என்னா பேசுவாரு?" என்றார். நான் எழுந்து, "நான் எதுக்குப் பேசணும்? தறி பேசும்" என்றேன். சேலையை முடிக்காமல் ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

என் மனைவியின் தம்பி கண்ணப்பனைக் கூட்டிக்கொண்டேன். நெசவில் அவன் கையும் நிற்காது, பேச்சில் அவன் வாயும் நிற்காது. தறிச் சாமான்களை முன்னாலேயே கப்பலில் அனுப்பிவிட்டோம். அரக்குச் சிவப்பில் ஒரு சேலைக்கு உண்டான பாவை மட்டும் கான்வாஸில் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனோம். பாவு என்றால் சேலையின் நீளத்துக்கு ஓடுகிற இழைகள், ஆயிரக்கணக்கில். அதுதான் முதலில் தறியில் ஏறும். அது போனால் சேலை இல்லை. மாற்றுப் பாவு கையில் கிடையாது.

விமானத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ரயிலடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டி மாற வேண்டிய இடத்தில் இறங்கி, போர்ட்டர் வருவான் என்று நின்றேன். யாரும் வரவில்லை.

"மாமா, இங்க கூலியாளே கிடையாதாம். அவங்கவங்க மூட்டைய அவங்கவங்களே தூக்கிக்கினு போறாங்க பாரு" என்றான் கண்ணப்பன்.

"நாப்பது தறிக்காரன் மூட்டை தூக்கறதாடா?"

"அப்ப நீ அந்த நாப்பது தறியத் தூக்கிக்கினு வா. மூட்டைய நான் பாத்துக்கறேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டு வரும் மழை இல்லை. சத்தமே இல்லாமல் வந்து பெய்தது. மேல்கூரையிலிருந்து ஒரு தாரை நேராக விழுந்தது. பெட்டிகளை எல்லாம் விட்டுவிட்டு, பாவு மூட்டையின் மேலேயே விழுந்தது. இவ்வளவு சுத்தமான தேசத்தில் ஒரு தகரத்தை ஒட்ட ஆள் இல்லையா என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பனிமூட்டத்துக்குள்ளே கொலுப்படி மாதிரி ஓட்டு வீடுகள் மேலே மேலே ஏறிப் போயின. உச்சிப்படியில் கோட்டை. அடியில் பனி இருந்ததால் அது எதன்மேலும் நிற்காமல் சும்மா மிதந்தது. நான் வேலூர்க் கோட்டையைப் பார்த்தவன். இது அதற்குப் பேரப்பிள்ளை. அகழியில் தண்ணீர் இல்லை, ஆப்பிள் மரங்கள் இருந்தன. ஒரே ஒரு கோபுரம். அதன் மேல்மாடியில் எங்களுக்கு அறை. படுத்தால் சன்னலில் பனி வந்து நிற்கும், போகும். கீழே எங்கோ மணி அடிக்கும். நான் இருக்கிறேனா, யாராவது என்னைக் கனவு காண்கிறார்களா என்றே தெரியாது.

சாவிக்கொத்தோடு வந்து கதவு திறந்தவர் எல்ஸா அம்மாள். அறுபது தாண்டியவர், ஒல்லி, கறுப்புக் காலுறை. கோட்டையைப் பெருக்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர்தான். எங்கள் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொன்னது அன்னம்மா. கோட்டயத்துப் பெண், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலூரில் படித்த காலத்தில் பிடித்த தமிழ், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிடுவாள். தமிழ் கேட்க ஆசையாக இருக்கிறது என்றாள். கண்ணப்பன் பேசுவதைக் கேட்டபிறகும் அந்த ஆசை அவளுக்குக் குறையவில்லை.

முதல் நாள் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். செங்கல் நிறத்தில், செங்கல் கனத்தில் ஒரு ரொட்டி. புளித்த கோஸ். அப்புறம் உள்ளே ஒன்றுமே வைக்காத கொழுக்கட்டை மாதிரி உருளைக்கிழங்கு உருண்டை, குழந்தையின் தலை அளவு. கண்ணப்பன் அதைப் பிட்டு உள்ளே தேடினான். "மாமா, பூரணம் வெக்க மறந்துட்டாங்க" என்றான். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடியைத் தூவினேன். எல்ஸா அம்மாள் ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு சிட்டிகை கேட்டார். அன்றைக்கே அவர் நமக்கு வேண்டியவர் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கோட்டையைச் சுற்றிக் காட்டினார். சாவி ஒவ்வொன்றும் ஒரு முழம். ஆற்றில் போகிற படகுகளிடம் சுங்கம் வாங்குவதற்காக யாரோ ஒரு ஜமீன்தார் கட்டியதாம். பிறகு ஒரு தீ. பிறகு அவன் வம்சத்தில் ஆண்பிள்ளை இல்லாமல் போக, மேலிருந்த ராஜா எடுத்துக்கொண்டு களஞ்சியமாக்கி, நம் நெல்லுக்குப் பதில் கோதுமை கொட்டி வைத்தான். பிறகு கோர்ட்டுக் கச்சேரி, அதற்குக் கீழேயே ஜெயில். அதே ஜெயில் அறையில் பிற்பாடு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சுவரில் கைதி கீறிய கோடுகளைக் காட்டித்தான் கூட்டல் சொல்லிக் கொடுத்தார்களாம். முதல் உலகச் சண்டையில் ஆஸ்பத்திரி. இரண்டாவது சண்டை முடிந்ததும் கிழக்கே வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு இருப்பிடம். இப்போது ஒரு பக்கம் பழம்பொருள் காட்சி, ஒரு பக்கம் நூலகம், நடுக்கூடத்தில் ஏதோ சர்க்கார் ஆபீஸ்.

"இந்த நடுக்கூடத்தை, போர்வை தொங்கவிட்டு அறை அறையாகத் தடுத்திருந்தோம். சன்னலோரத் தடுப்பில்தான் என் மகள் பிறந்தாள். சண்டை முடிந்த முதல் குளிர்காலம். எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் சாவியை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டேன்" என்று எல்ஸா அம்மாள் சொன்னதாக அன்னம்மா சொன்னாள்.

எங்கள் பக்கத்துத் திருமுக்கூடல் கோயில் சுவரில் ஒரு காலத்தில் அங்கே ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடந்ததாக எழுதியிருக்கிறது என்று ஒரு வாத்தியார் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அதைச் சொன்னேன். எங்கள் ஊரில் ராஜா கட்டிய சாமி வீடுகள் எல்லாம் நிற்கின்றன, ராஜா எங்கே படுத்திருந்தான் என்று யாருக்கும் தெரியாது. இங்கே ராஜா வீடு நிற்கிறது, அவனைத்தான் காணோம் என்றும் சொன்னேன். எல்ஸா அம்மாள் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். அன்னம்மா சிரித்தாள். "ஐயா, வீடு நிற்கும், படுக்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார், இந்த வாரம் நீங்கள் படுத்திருக்கிறீர்கள் என்று பறைகிறார்கள்."

உண்மைதான். படியிறங்கும்போது எனக்கு முன்னால் யாரோ மூட்டையோடு இறங்குவது மாதிரியும், பின்னால் பெண்பிள்ளைகள் கூட்டல் ஒப்பிப்பது மாதிரியும் இருந்தது. அந்தக் கோட்டை தூக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிற ஆள். ஒவ்வொரு புரளலுக்கும் ஒரு கனவு. எங்கள் தறியும் அதன் கனவுதானோ என்னவோ.

தறி என்றதும் குழி ஞாபகம் வந்தது. எங்கள் தறிக்குக் காலை இறக்கி மிதிக்கக் குழி வேண்டும். நடுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் கண்காட்சி; அங்கே தரையைத் தோண்டலாமா என்று கேட்டேன். எல்ஸா அம்மாள் பதறவில்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று ஓர் இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினார். கீழே இருட்டு. கைதிகளைக் கயிற்றில் இறக்குகிற பள்ளமாம்.

கண்ணப்பன் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "வேணாம் மாமா. இதுல நான் ஒக்காந்தா சேலைய நானா நெய்வேன்? உள்ள இருக்கறவன் நெய்வான்."

கடைசியில் பலகை அடித்து மேடை போட்டுத் தறியை உயர்த்தினோம். அதற்கப்புறம்தான் மூட்டையைப் பிரித்தேன். நனைந்ததில் ஊரில் போட்ட கஞ்சி கரைந்து, இழையோடு இழை ஒட்டி, தடித்தடியாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. மறுபடி நீட்டி விரித்து, இழை பிரித்து, கஞ்சி போட்டு நீவி, விறைப்பாகவே நிறுத்திக் காயவைக்க வேண்டும். காய்வதற்கு முன்னால் தளர்த்தினாலோ சுருட்டினாலோ அவ்வளவுதான், குப்பையில் போடலாம். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி திறப்பு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அரிசிக் கஞ்சிக்கு எங்கே போவது? அன்னம்மாவிடம் இருந்த அரிசியை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்திருந்தோம். எல்ஸா அம்மாள் உருளைக்கிழங்கு மாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் தன் மகளுக்குக் கல்யாணம், விருந்து மேசைத் துணிக்கு இந்த மாவில்தான் கஞ்சி போட்டேன், மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரொம்ப சந்தோஷம் என்று கைகூப்பினேன். கல்யாணம் எங்கே என்று கேட்கவில்லை. கல்யாணம் என்றால் அவர்கள் கோயிலில், கீழே ஊருக்குள் நடக்கும் என்றுதான் எவனும் நினைப்பான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போனவர்கள்தான் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் பாவை விரித்தோம். கிணற்றடிச் சுவரில் ஒரு பழைய இரும்பு வளையம்; அதில் ஒரு தலைப்பு. எதிர் மூலையில் பெயர் தெரியாத பெரிய மரம். அதில் மறு தலைப்பு. நடுவில் தாங்கிப் பிடிக்கக் கவைக்கம்புகள். கோட்டை வாசலுக்கும் நடுக்கூடத்துக் கதவுக்கும் குறுக்கே, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பாவு பரந்து கிடந்தது. யாரிடமும் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு போட யாரைக் கேட்கிறோம்? பால்காரன் சுற்றிக்கொண்டு போவான். மாட்டை ஓட்டி வருகிறவன்கூட திருப்பிக்கொண்டு போவான். விரித்த பாவைத் தாண்டுகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நீவி முடித்தபோது இழைகள் தனித்தனியாக நின்றன. சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறப் பனி, நடுவே ஒரு சிவப்பு ஆறு. மரத்தின் மஞ்சள் இலைகள் விழுந்துகொண்டே இருந்தன; கண்ணப்பன் ஒவ்வொன்றாக ஊதித் தள்ளினான். எத்தனையோ வருஷம் நான் விடியற்காலைத் தெருவில் பார்த்த பாவுதான். ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நெய்கிறவன் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. ஒரே ஒரு கவலை: வெயில் வரவில்லை. ஊரில் ஒரு நாழிகையில் காய்வது இங்கே தொட்டால் ஈரமாகவே இருந்தது.

அப்போது வாசல் வழியாக ஆட்கள் வந்தார்கள். கறுப்புக் கோட்டுகள், தொப்பிகள், பூச்செண்டு. நடுவில் வெளிர்நீல உடையில், தலையில் வெள்ளைப் பூ வைத்த ஒரு பெண். பக்கத்தில் சிவந்த முகத்தோடு மாப்பிள்ளை. நடுக்கூடத்து ஆபீஸ் கதவு திறந்தது. கழுத்தில் சங்கிலி போட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கல்யாணம் நடக்கிற ஆபீஸ் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டம் பாவைக் கண்டதும் கை தட்டியது. அங்கே ஒரு வழக்கமாம்: மணமக்களை மறித்து வேண்டியவர்கள் கயிறு கட்டுவார்கள், மாப்பிள்ளை எதையாவது கொடுத்துவிட்டு அதை அறுத்து வழி வாங்க வேண்டும். பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது, யாரோ சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்ததுதான்.

"தொடாதப்பா! தொடாத!" என்று கத்தினேன்.

கண்ணப்பன் கஞ்சித் துணியோடு ஓடிப்போய்க் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. கண்ணப்பன் கையில் ஒரு நாணயத்தை வைத்தான்.

"மாமா, காசு குடுக்கறான் மாமா!"

"வாங்காதடா! வாங்கினா அறுத்துடுவான்!"

கண்ணப்பன் திருப்பிக் கொடுத்தான். போதவில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளை ஒரு புட்டியைக் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. நாற்பது தறி, சபையில் விட்ட சவால் எல்லாம் அந்த இரண்டு தகட்டுக்கு நடுவில் நின்றன. அன்னம்மா ஆஸ்பத்திரியில். எனக்குத் தெரிந்த எந்த வார்த்தையும் அங்கே செல்லாது.

கூட்டத்தின் பின்னாலிருந்து எல்ஸா அம்மாள் வந்தார். உரக்க ஒரு சொல் சொன்னார். சிரிப்பு நின்றது. அவர் வேறொன்றும் விளக்கவில்லை. நல்ல உடையை முழங்காலுக்கு மேலே கூட்டிப் பிடித்து, குனிந்து, பாவுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தார். மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தப் பெண் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பூச்செண்டை மார்போடு அணைத்து, ஓர் இழை அசையாமல், தினமும் செய்கிற காரியம் மாதிரி கீழே புகுந்து போனாள். மாப்பிள்ளை கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தான். அப்புறம் எல்லோரும். கறுப்புக் கோட்டுக் கிழவர்கள், கையுறை போட்ட அத்தைகள், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்த மாமன்கள், சிவப்பு இழைகளுக்குக் கீழே ஒவ்வொருவராக. பட்டின் நிறம் அவர்கள் முதுகில் விழுந்து நகர்ந்தது. நானும் கண்ணப்பனும் கவைக்கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம், பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாதிரி.

அதோடு முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. புருஷன் பெண்டாட்டியாக வெளியே வந்தார்கள். மறுபடி குனிந்து போனார்கள். பாவுக்கு இந்தப் பக்கம் அவர்கள் நிமிர்ந்ததும், சுற்றி நின்றவர்கள் பைக்குள் கையை விட்டு எதையோ அள்ளி வீசினார்கள். மழை மாதிரி விழுந்தது.

கண்ணப்பன் குனிந்து பார்த்தான். "மாமா, அரிசி! நம்ம ஊரு மாதிரியே அட்சதை போடறாங்க!" என்று சந்தோஷமாகச் சொன்னவன், பாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். ஈரக் கஞ்சியில் அரிசி ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியே காய்ந்தால் ஒவ்வொரு அரிசியும் இழையோடு இறுகும், தறியில் இழைகள் நுழைகிற அச்சில் மாட்டும், மாட்டிய இடமெல்லாம் அறும். காற்று வேறு அப்போதுதான் வீச ஆரம்பித்தது. காலையிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருந்த காற்று.

அன்னம்மா சைக்கிளோடு உள்ளே வந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஜெர்மன் மொழியில் சத்தம் போட்டாள். முதலில் ஓர் அத்தை கையுறையைக் கழற்றினாள். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். பாவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்று குனிந்து, அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி சங்கிலியைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு வந்து நின்றார்.

"யோவ் பெரியவரே, இழுக்காத. நகத்தால மெதுவா தட்டு. ஆங், அப்பிடி" என்று கண்ணப்பன் அதட்டினான். தமிழ் தெரியாத அந்தக் கிழவர் தலையாட்டிவிட்டு, நகத்தால் மெதுவாகத் தட்டினார்.

பொறுக்கிக்கொண்டே எல்ஸா அம்மாள் பேசினார். அன்னம்மா அடங்கிய குரலில் எனக்குச் சொன்னாள்: "சண்டை முடிந்த காலத்தில் இந்த முற்றம் நிறைய துணிக்கொடிதானாம், ஐயா. இதே வளையத்தில்தான் கட்டுவார்களாம். குழந்தைகள் ஈரத் துணிக்குக் கீழேதான் நடை பழகினார்கள். யார் கொடியையும் யாரும் அவிழ்க்கக்கூடாது, குனிந்துதான் போகணும், அது இங்கே சட்டம், அதனால்தான் 'கொடி!' என்று ஒரு சொல்லோடு நிறுத்தினேன் என்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அன்றைக்கு இங்கே இருந்தவர்கள்தானாம்."

பனி மெல்ல மேலே போனது. வெயில் முதலில் கோபுரத்துக்கு வந்தது, பிறகு மரத்துக்கு, பிறகு பாவுக்கு. சிவப்பு எல்லோர் முகத்திலும் ஏறியது. நாங்கள் எந்த ஊரில் நிற்கிறோம் என்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் நிற்பது நன்றாகவே இருந்தது.

கண்ணப்பன் பாவின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் நடந்தான். "காஞ்சிடுச்சு மாமா. சுத்தமா இருக்குது. தறிக்கு ஏத்தலாம்."

கல்யாணப் பெண் நிமிர்ந்தாள். விரல் நுனியில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தாள். அதை எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் தலையில் போட்டேன்.